ஜீன்களுக்கு ஷட்டர் போடுவது யார்? கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் முட்டைக்கோஸும் கேரட்டும் போடுகிற குடும்பம். அத்தைக்கு நிணநீர்ப் புற்று, ஃபாலிக்குலர் லிம்போமா என்று கோவையில் சொல்லியிருக்கிறார்கள். திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இ.இசட்.எச்.2 என்ற ஜீனில் மாற்றம் இருக்கிறது என்று ஒரு வரி. டாக்டர் அவசரத்தில் "இது மற்ற ஜீன்களை மௌனமாக்குகிற ஜீன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து தேடினால், ஜீனை மௌனமாக்குவதால்தான் ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாக இருக்கிறது என்று ஓரிடத்தில், அதே வேலைதான் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று இன்னோரிடத்தில். "எதை நம்புவது? மௌனமான ஜீன் என்றால் கெட்டுப்போன ஜீனா? அத்தைக்கு வந்தது எனக்கும் வருமா?" இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். லிம்போமாவில் பார்க்கிற இந்த மாற்றம் வழக்கமாகக் கட்டியின் செல்களில் மட்டும், வாழ்க்கையின் நடுவில் வந்தது. பிறக்கும்போதே உடம்பெல்லாம் இருந்து பிள்ளைகளுக்குப் போகிற சமாசாரம் இல்லை. நான் டாக்டர் இல்லை, குரோமாட்டின் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் பிப்பெட் பிடித்துவிட்டு இப்போது குன்னூரில் உட்கார்ந்திருக்கிறவன். அதனால் சிகிச்சை முடிவை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்பதை நான் சொல்கிறேன்.

உங்கள் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். முட்டைக்கோஸ் சமவெளியில் நன்றாகவே உருண்டு வரும், ஆனால் பூக்காது, விதை கட்டாது. விதை வேண்டுமென்றால் குளிருக்குத்தான் போக வேண்டும். செடி ஓரளவு வளர்ந்த பிறகு பல வாரம் குளிரில் நின்றால்தான் "சரி, இனி பூக்கலாம்" என்ற முடிவுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், குளிர் போய் வெயில் வந்த பிறகுதான் பூக்கிறது. அதாவது, குளிர் பட்டதைச் செடி ஞாபகம் வைத்திருக்கிறது. மூளை இல்லாத செடி எங்கே ஞாபகம் வைக்கும்?

கடுகுக் குடும்பத்திலேயே முட்டைக்கோஸுக்குச் சொந்தமான அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் இதைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் நார்விச்சில் இருக்கும் ஜான் இன்ஸ் மையத்தில் கரோலின் டீன் குழு இதில் பெரிய பெயர். பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு ஜீன் உண்டு, பெயர் எஃப்.எல்.சி. குளிர் நீடிக்க நீடிக்க அந்தத் தடை ஜீன் மூடப்படுகிறது. எழுத்து ஒன்றும் மாறவில்லை, டி.என்.ஏ. அப்படியே இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள புரதத்தில் ஒரு முத்திரை விழுகிறது. செல் இரண்டாகப் பிரிந்தாலும் முத்திரை தொடர்கிறது. அடுத்த தலைமுறை விதை உருவாகும்போது முத்திரை அழிக்கப்பட்டு, புதுச் செடி மறுபடியும் குளிருக்குக் காத்திருக்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: எல்லாச் செல்லிலும் அந்த ஜீன் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதில்லை. ஒவ்வொரு செல்லிலும் அது திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், அவ்வளவுதான். குளிர் கூடக் கூட, மூடிய செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊட்டி பஜாரில் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டர் இறக்குகிற மாதிரி.

இந்த முத்திரையைக் குத்துகிற இயந்திரத்துக்குப் பெயர் பாலிகோம்ப். அத்தையின் ரிப்போர்ட்டில் இருக்கும் இ.இசட்.எச்.2 அந்த இயந்திரத்தின் பல். முட்டைக்கோஸில் இருப்பதும் அத்தையிடம் இருப்பதும் ஒரே வம்சம். இதை முதலில் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

இயந்திரம் எங்கே குத்துகிறது என்று பார்ப்போம். நம் ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அதை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் திணிக்க வேண்டும். அதனால் ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு எட்டாகச் சேர்ந்து நூல்கண்டு மாதிரி நிற்க, டி.என்.ஏ. ஒவ்வொரு கண்டிலும் 147 எழுத்து நீளத்துக்குச் சுற்றிக்கொள்கிறது. இந்தச் சுற்றலும் புரதமும் சேர்ந்ததுதான் குரோமாட்டின். ஹிஸ்டோனுக்கு வெளியே வால் மாதிரி நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27-ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம். அதில் மெத்தில் என்ற குட்டி வேதித்துண்டு மூன்றை ஒட்டினால், "இந்தக் கடை மூடல்" என்று பொருள். இ.இசட்.எச்.2 செய்வது இந்த ஒட்டும் வேலைதான். மூடிய ஜீன் கெட்டுப்போகவில்லை, உள்ளே சரக்கு அப்படியே இருக்கிறது.

பாலிகோம்ப் என்ற பெயர் வந்த கதையும் நன்றாக இருக்கும். ஆண் பழ ஈயின் முன்னங்காலில் மட்டும் சீப்பு மாதிரி முள்வரிசை ஒன்று உண்டு. 1947-இல் பாம் லூயிஸ் என்பவர் பின்கால்களிலும் சீப்பு முளைத்த ஓர் ஈயைக் கண்டார், பல சீப்பு என்று பெயர் வைத்தார்கள். அவர் கணவர் எட்வர்ட் லூயிஸ் 1978-இல் சொன்னது: இந்த ஜீனின் வேலை மற்ற ஜீன்களை அடக்கி வைப்பது, அது போனால் பின்கால் தன்னை முன்கால் என்று நினைத்துக்கொள்கிறது. அவருக்கு 1995-இல் நோபல் கிடைத்தது. ஆக, ஒரு செல் யார் என்பதை அது திறந்து வைத்திருக்கும் ஜீன்கள் எவ்வளவு சொல்கின்றனவோ, அதே அளவுக்கு மூடி வைத்திருக்கும் ஜீன்களும் சொல்கின்றன. கல்லீரல் செல்லில் மூளை ஜீன் இருக்கத்தான் செய்கிறது, ஷட்டர் போட்டிருக்கிறது.

இப்போது ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு என்கிறார்கள், நல்ல சொல். கருவின் ஆரம்பக் குருத்தணு எதுவாகவும் ஆகலாம், ஆனால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. கூடலூர் மேட்டில் விழுகிற மழையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் விழுந்தால் பாண்டியாறு, சாலியாறு என்று அரபிக்கடல். நாலடி தள்ளி விழுந்தால் மாயாறு, பவானி, காவிரி என்று வங்கக்கடல். மேட்டு உச்சியில் இருக்கும் துளிதான் குருத்தணு. செல்லின் வளர்ச்சியை இப்படி மலைச்சரிவாகப் படம் போட்டுக் காட்டியவர் கான்ராட் வாடிங்டன், 1950-களில். அவர் நீலகிரிக்கு வந்திருந்தால் படம் போடவே தேவையிருந்திருக்காது.

அந்த உச்சியில் நிற்கும் செல் தசை ஜீன், நரம்பு ஜீன் எல்லாவற்றையும் முழுசாகத் திறந்தால் உருண்டுவிடும். முழுசாக மூடினால் பிறகு எதுவாகவும் ஆக முடியாது. அப்போ என்ன செய்யும்? 2006-இல் பாஸ்டன் பக்கத்து ஆய்வுக்கூடங்கள் கண்டது: இந்த ஜீன்களின் வாசலில் "மூடல்" முத்திரையும் "திறப்பு" முத்திரையும் ஒரே இடத்தில் சேர்ந்தே இருக்கின்றன. பாதி இறக்கிய ஷட்டர். கடை மூடியிருக்கிறது, ஆனால் அண்ணாச்சி உள்ளேதான் இருக்கிறார், குனிந்து குரல் கொடுத்தால் எடுத்துத் தருவார். சைகை வந்ததும் சில ஷட்டர் மேலே போகும், மற்றவை தரைவரை இறங்கும்.

இந்த இயந்திரத்தைப் பிடுங்கிவிட்டால்? எலியின் கருக் குருத்தணுக்கள் தட்டில் உயிரோடு இருக்கின்றன, பெருகவும் செய்கின்றன, ஆனால் ஒழுங்காக வேறொரு செல்லாக மாறத் தெரியவில்லை. கருவுக்குள்ளேயே பிடுங்கினால், உறுப்புகள் உருவாகும் முன்பே கரு இறந்துபோகிறது. ரத்தக் குருத்தணுக்களில் கதை வேறு. அங்கே பாலிகோம்ப் குடும்பத்திலேயே பி.எம்.ஐ.1 என்ற இன்னொரு ஆள், பி16 என்ற ஜீனை மூடி வைத்திருக்கிறார். பி16 செல் பிரிவதற்கு ஒரு பிரேக். பிரேக் மூடியிருப்பதால்தான் அந்தக் குருத்தணு நம் ஆயுள் முழுக்க ரத்தம் செய்துகொண்டே இருக்க முடிகிறது, எலியில் பி.எம்.ஐ.1 இல்லாவிட்டால் ரத்தக் குருத்தணுக்கள் தீர்ந்துபோகின்றன. இந்த இடத்தில் யாருக்கும் ஒரு சந்தேகம் வரவேண்டும்: பிரேக்கை மூடி வைத்து ஓயாமல் பிரிவது என்றால், அது புற்றுநோயின் வேலையும் அல்லவா? ஆமாம். நீங்கள் படித்த இரண்டு பக்கமும் சண்டை போட்டதாகத் தோன்றியதற்குக் காரணம் இதுதான். இரண்டும் சரி. மூடுவது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது; எந்தக் கடை, எந்தச் செல், எப்போது என்று கேட்டால்தான் பதில் வரும்.

அத்தையின் விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் காய்ச்சல் வந்தால் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுவுக்குள் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கிருமிக்கு ஏற்ற ஆன்டிபாடியைத் தேடிப் படுவேகமாகப் பெருகும் ஓர் இடம் உண்டு. பெருகும் காலத்துக்கு மட்டும் அவை இ.இசட்.எச்.2-ஐ ஏற்றிக்கொள்கின்றன: பிரேக் ஜீன்களுக்கும், ஆன்டிபாடியைச் சுரக்கும் முதிர்ந்த செல்லாக மாற்றும் ஜீன்களுக்கும் தற்காலிக ஷட்டர். வேலை முடிந்ததும் இ.இசட்.எச்.2 இறங்கி, ஷட்டர் ஏறி, செல் முதிர்ந்துவிட வேண்டும். 2010-இல் கண்டுபிடித்த மாற்றம் என்னவென்றால், இ.இசட்.எச்.2-இன் 641-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போகிறது. மாறாத பிரதி முதல் மெத்திலை ஒட்டுவதில் கெட்டிக்காரன், மூன்றாவதில் மந்தம். மாறிய பிரதி நேர் எதிர். செல்லில் இரண்டு பிரதியும் இருப்பதால், ஒருவன் தொடங்க மற்றவன் முடிக்க, ஷட்டர் இறங்கினது இறங்கினதுதான். செல் முதிராமல் பெருகும் கட்டத்திலேயே மாட்டிக்கொள்கிறது. மற்ற மாற்றங்களும் சேர்ந்தால் லிம்போமா. இது தனியாக நோயைக் கொண்டுவந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்கும் முன்னால், 2002-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு, பரவிய புராஸ்டேட் புற்றில் இ.இசட்.எச்.2 அளவு மிதமிஞ்சி இருப்பதைக் காட்டியிருந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் "இ.இசட்.எச்.2 வில்லன், அடித்துப்போடு" என்று கதை சுலபமாக முடிந்திருக்கும். முடியவில்லை. எலும்பு மஜ்ஜைக் கோளாறுகள் சிலவற்றிலும், டி செல் ரத்தப் புற்றிலும் இதே இ.இசட்.எச்.2 வேலை செய்யாமல் உடைந்து கிடக்கிறது. அங்கே அது காவல்காரன், இல்லாததுதான் தொல்லை. குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் ஒரு கொடிய கட்டியில் இன்னும் விநோதம்: 2012-இல் பார்த்தபோது அந்த 27-ஆவது லைசினே மெத்தியோனினாக மாறியிருந்தது. எச்3 ஹிஸ்டோனுக்கு நம்மிடம் பல ஜீன்கள் இருக்க, ஒன்றே ஒன்றில் வந்த மாற்றம், முத்திரை குத்தும் இயந்திரத்தையே முடக்கி, செல் முழுக்க ஷட்டர்களைத் தூக்கிவிடுகிறது. இதைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்; அந்தக் குழந்தைகளுக்கு இன்னும் நாம் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

எதிர்ப்பக்கம், ஷட்டரைத் தூக்குவதற்கென்றே செல்லில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஸ்விஸ்னிஃப் என்பார்கள். மனிதப் புற்றுகளில் ஐந்தில் ஒன்றில் இந்தக் கூட்டத்தின் ஏதாவது ஓர் உறுப்பினர் பழுதாகியிருக்கிறார். தூக்க ஆள் இல்லாவிட்டால் இறக்குகிறவன் கை ஓங்கும்.

அப்புறம், எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமாகத் தோன்றும் விஷயம். பாலிகோம்ப் போடுவது ஷட்டர், மறுபடி தூக்கலாம். டி.என்.ஏ.வின் மேலேயே மெத்தில் ஒட்டும் இன்னொரு முறை உண்டு. அது வாசலைச் செங்கல் வைத்துக் கட்டிப் பூசிவிட்ட மாதிரி, அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. புற்றுநோய்ச் செல்களில் நூற்றுக்கணக்கான ஜீன்கள் இப்படிச் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஜீன்கள் என்று 2007-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகப் பார்த்தன. கருக் குருத்தணுவில் எந்தக் கடைகளை பாலிகோம்ப் மூடி வைத்திருந்ததோ, அவையேதான் பெரும்பாலும்; ஒரு குழுவின் கணக்கில், மற்ற ஜீன்களைவிட அவை செங்கல் வைக்கப்படும் வாய்ப்பு 12 மடங்கு வரை அதிகம். கருவில் தற்காலிகமாகப் போட்ட பென்சில் குறி, வயதாகும்போது தவறான செல்லில் மையாக மாறிவிடுகிறது. முதிர்வதற்கான கதவுகள் நிரந்தரமாக அடைபட்டால், செல் ஒன்றும் ஆக முடியாத குருத்தணு மாதிரியே சுற்றிக்கொண்டிருக்கும். புற்றுச் செல் குருத்தணுவைப் போல நடந்துகொள்கிறது என்று சொல்வதில் பாதி இதுதான்.

2024-இல் பிரான்ஸில் மோன்ட்பெலியே நகரத்தில் ஜியாகோமோ கவல்லி குழு பழ ஈயில் ஒரு சோதனை செய்தது. பாலிகோம்பைக் கொஞ்ச காலம் இறக்கிவிட்டு, பிறகு மறுபடி கொடுத்துவிட்டார்கள். டி.என்.ஏ. எழுத்தில் புற்றை ஓட்டும் மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் கட்டி வந்தது, இயந்திரம் திரும்பி வந்த பிறகும் நிற்கவில்லை. ஈயில்தான், மனிதரில் அல்ல. ஆனால் "புற்றுநோய் என்றால் எழுத்துப் பிழை" என்று மட்டும் நினைத்திருந்தவர்களை அது நிமிர்ந்து உட்கார வைத்தது.

சரி, ஷட்டர் என்றால் தூக்கலாமே? தூக்கிப் பார்த்தார்கள். டாஸெமெட்டோஸ்டாட் என்ற மாத்திரை இ.இசட்.எச்.2-இன் பல்லில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஃபாலிக்குலர் லிம்போமாவில், முந்தைய சிகிச்சைகளுக்குப் பிறகும் நோய் திரும்பியவர்களில் சோதித்தபோது, இந்த மாற்றம் உள்ளவர்களில் 69 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, மாற்றம் இல்லாதவர்களில் 35 சதவீதம். 2020 ஜூனில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது. ஆனால் நோய் மறுபடி முன்னேறாமல் இருந்த காலம் முதல் கூட்டத்தில் நடுமதிப்பாக 13.8 மாதம், இரண்டாவதில் 11.1. எனவே ரிப்போர்ட்டில் அந்த வரி இருப்பது ஒரு கதவாக இருந்தது, அவ்வளவுதான். லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த மருந்தின் எச்சரிக்கைப் பட்டியலில் டி செல் லிம்போமா, மஜ்ஜைப் புற்று போன்ற புதிய புற்றுகள் வரலாம் என்று இருந்தது. அப்படிப் புதிய ரத்தப் புற்றுகள் தெரியவந்ததால் 2026-இல் தயாரித்த கம்பெனியே மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேலே காவல்காரன் கதை படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்த வகை மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். என் முதல் சோதனையில் மூன்று நாள் மருந்து ஊற்றியும் செல்கள் ஜம்மென்று இருந்தன. மருந்து கெட்டுப்போச்சு என்று புதுசு வாங்கச் சொல்லி, ஆய்வுக்கூடத் தலைவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். புது முத்திரை விழுவதைத்தான் அது தடுக்கிறது. பழைய முத்திரை பெரும்பாலும் செல் பிரியப் பிரிய நீர்த்துத்தான் போக வேண்டும். எட்டாம் நாள்தான் வித்தியாசம் தெரிந்தது.

செங்கலை இடிக்கும் மருந்துக்கு வயது அதிகம்: அசாசிட்டிடின். 1970-களின் இறுதியில் பீட்டர் ஜோன்ஸ் அதை எலியின் சாதாரண இணைப்புத்திசுச் செல்களில் ஊற்ற, சில நாளில் தட்டில் தசை செல்கள் துடித்துக்கொண்டிருந்தன. 2004-இல் அது மஜ்ஜைக் கோளாறுக்கு மருந்தானது. இவை எல்லாவற்றையும்விட அழகான வெற்றி ஏ.பி.எல். என்ற ரத்தப் புற்றில்: ஒரு வைட்டமின் ஏ உறவுக்காரப் பொருள், கூட ஆர்செனிக். இரண்டும் சேர்ந்து, முதிர்வைப் பூட்டி வைத்திருக்கும் கோளாறுப் புரதத்தையே கலைத்துவிடுகின்றன, செல் முதிர்ந்து தன் ஆயுள் முடிந்து போகிறது. இன்று அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

நீங்கள் பின்குறிப்பாகக் கேட்ட இரண்டு. உறவினர் ஒருவர் "ஸ்டெம் செல் சிகிச்சை செய்துவிடலாம்" என்றாராம். லிம்போமாவில் டாக்டர்கள் அந்தச் சொல்லைச் சொன்னால், கடுமையான கீமோவுக்குப் பிறகு மஜ்ஜையை மறுபடி நட்டு வளர்ப்பதைத்தான் சொல்கிறார்கள். நான் மேலே சொன்ன ஷட்டர் விவகாரத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. விளம்பரத்தில் வரும் ஸ்டெம் செல் ஊசி என்றால் கிட்டவே போகாதீர்கள்.

இரண்டாவது, கிரீன் டீ. நம் ஊர்க் கடையிலேயே "புற்றுநோய் ஜீனைத் தூங்க வைக்கும்" என்று டப்பாவில் ஒட்டி விற்கிறார்கள் என்றீர்கள். அந்த ஒட்டுத்தாளுக்குப் பின்னால் ஒரு துளி விஷயம் உண்டு: தேயிலையில் இருக்கும் ஒரு பொருள் டி.என்.ஏ. மெத்தில் ஒட்டும் நொதியைத் தட்டில் வளர்த்த செல்களில் தடுத்தது என்று 2003-இல் எழுதினார்கள். தட்டில். அதுவும் அது தூங்குகிற ஜீனை எழுப்புகிற வேலை, டப்பாக்காரர் தலைகீழாக எழுதியிருக்கிறார். அத்தைக்குப் பிடித்தால் டீயாகக் குடிக்கட்டும், சாறு எடுத்த மாத்திரை வேண்டாம்.  அடுத்த முறை கோவைக்கு இறங்கும்போது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: மாற்றம் 641-ஆவது இடத்தில்தானா, இப்போதைய முதல் சிகிச்சை என்ன, நோய் திரும்பினால் இந்த வரி பயன்படுமா, அந்த மாத்திரை போன பிறகு அதே வகையில் வேறு மருந்து கிடைக்குமா. நான்காகிவிட்டது, பரவாயில்லை, எழுதி எடுத்துப் போங்கள்.